காலை வழிபாடும் கூட்டு உடற்பயிற்சியும்

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாட 55 நொடிகள் ஆகும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை குறிப்பிடும் கால அளவும் இதுவே. நாட்டுப்பண்ணுக்கு ஏறத்தாழ 52 நொடிகள். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடங்கள்கூட ஆவதில்லை. உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிடங்கள் போதும். ஆனால், சில பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் அரைமணி நேரம் நீள்கிறது. எஞ்சிய நேரம் வரிசையைச் சரிசெய்வதிலும், தாமதமாக வந்தவர்களைக் கண்டிப்பதிலும், அறிவிப்புகளிலும் கழிகிறது. பிள்ளைகளின் மனமும் உடலும் தெளிவாக இருக்கும் நேரம் இப்படிப் போவது பெரிய இழப்பு.

அசையாமல் நிற்பதே ஒழுங்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நெடுநேரம் நிற்கும்போது இரத்தம் கால்களின் சிரைகளில் தேங்கும். அதை மேல்நோக்கித் தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தசை வேலை செய்ய வேண்டுமானால் கால் அசைய வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும் பிள்ளை வெறும் வயிற்றோடும் வந்திருந்தால் கண் இருட்டி விழுவதில் வியப்பில்லை. விழுந்த பிள்ளையை உடனே தூக்கி உட்கார வைக்கக் கூடாது. நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். ‘இயல்பாக நில்’ என்று சொன்ன பிறகு குதிகாலைப் பத்துமுறை உயர்த்தி இறக்கச் சொன்னால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். காலையில் சாப்பிடாமல் வருபவர் யார் யார் என்பதை வகுப்பாசிரியர் விசாரித்து அறிந்திருப்பதும் நல்லது.

வழிபாடு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நம் வரிசையில் பல சமயத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். சமய நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. கேரளத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்ற மூன்று மாணவர்கள், சமய நம்பிக்கை காரணமாக வாய்விட்டுப் பாடவில்லை. அதற்காக அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. ஆகவே, எல்லோருக்கும் பொதுவாக நாம் தரக்கூடியது ஒரு நிமிட அமைதி. அந்த நிமிடத்தில் ஒரு பிள்ளை தன் கடவுளை நினைக்கலாம். இன்னொரு பிள்ளை நோயில் கிடக்கும் பாட்டியை நினைக்கலாம். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடச் சொல்லித் தரலாம். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பதால், ஓடிவந்து வரிசையில் நின்ற பிள்ளைக்கும் படபடப்பு அடங்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதோ கைப்பேசியைப் பார்ப்பதோ கூடாது. கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து நம்மைத்தான் பார்ப்பார்கள்!

அடுத்து உடற்பயிற்சி. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலியக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை. இதைவிட மோசமானது உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவது. வீட்டுப்பாடம் எழுதாததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால், ஓட்டம் என்றாலே தண்டனை என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்திருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருக்க மாட்டார். அதனால் கூட்டு உடற்பயிற்சி நடத்த முடியாது என்பதில்லை. நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்சி, பக்கவாட்டில் வளைதல், பாதி அளவு உட்கார்ந்து எழுதல், துள்ளல், கடைசியில் மறுபடியும் மெதுநடை. ஒவ்வொன்றும் எட்டு எண்ணிக்கை, இரண்டு சுற்று. பறையோ தட்டோ எதையாவது தட்டித் தாளம் தந்தால் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை தேவைப்படாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை, மாதவிடாய் நாளில் வலியோடு வந்த மாணவி, மாற்றுத்திறனாளி மாணவர் ஆகியோரை ஓரமாக உட்கார வைத்துவிட வேண்டியதில்லை. முடிந்ததைச் செய்யட்டும், அல்லது தாளம் தட்டட்டும். காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல் இருந்தால் போதும்.

பிள்ளைகளோடு நாமும் செய்யலாமே. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். காலையில் பத்து நிமிடம் வீதம் ஐந்து நாளில் 50 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, பள்ளியிலேயே கிடைத்துவிடும். நாள் முழுதும் நின்று கற்பிக்கும் கால்களுக்கும், கரும்பலகையில் எழுதி எழுதி இறுகிய தோளுக்கும் அது தேவை. மைதானத்தில் கத்தி ஆணையிடாமல் விசிலும் கை சைகையும் பயன்படுத்தினால் தொண்டை மாலைவரை தாங்கும். மழைநாளில் இதே பயிற்சியை, துள்ளலை மட்டும் விட்டுவிட்டு, வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு இடையே நின்றபடி செய்யலாம்.