அடுக்கு மாளிகை எழுமுன் அயலார் ஆராய வேண்டியவை

திருவனந்தபுரம் குன்றும் பள்ளமுமாக அமைந்த நகரம். கௌடியார், பட்டம், ஆக்குளம், கழக்கூட்டம் ஆகிய பகுதிகளில், முன்பு ஓர் ஓட்டு வீடும் பத்துத் தென்னைகளும் ஒரு கிணறும் இருந்த மனைகளில், இன்று பத்து, பதினைந்து மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. ஜனத்தொகை பெருகும் நகரத்தில் இவை வேண்டாமென்று சொல்லுதல் நியாயமாகாது. ஆயினும், ஒரு கட்டடத்தின் தரத்தை அதனுள் குடிபுகுவோரின் சௌகரியத்தைக் கொண்டு மட்டும் நிர்ணயித்தலாகாது. அதன் மதிலோரம் நடப்பவரும், அதன் நிழல் விழும் முற்றத்தில் வாழ்பவரும், அதன் நீர் சென்று சேரும் தாழ்நிலத்தாருமே அதன் உண்மையான பரீட்சகர்கள். டில்லியில் இத்தகைய பரிசீலனைக்கென்றே 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரக் கலை ஆணையம் அமைந்தது. கேரளத்தில் பாரம்பரியப் பகுதிகளுக்குக் கலை, பாரம்பரிய ஆணையம் உண்டு. மற்ற தெருக்களில் குடியிருப்போர் சங்கத்தாரின் கண்களே அவ்வேலையைச் செய்ய வேண்டும். அதற்கான முறை பின்வருமாறு.

1. வரைபடங்களைப் பெறுங்கள்

கட்டட அனுமதி வழங்குபவர் மாநகராட்சிச் செயலாளர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். விற்பனைக்காக அச்சிட்ட வண்ணப் படத்தை ஒதுக்கிவிட்டு, மனை வரைபடம், குறுக்குவெட்டு வரைபடம், வடிகால் வரைபடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கூடவே வருவாய்ப் பதிவேட்டையும் பாருங்கள்: இங்கே ‘நிலம்’ என்று பதிவாகியிருந்தால் அது நெல்வயல் என்றும், ‘புரையிடம்’ என்றிருந்தால் தோட்டமனை என்றும் பொருள். வயலாயின் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

2. மழையில் நடந்து பாருங்கள்

மனையைத் துலாவர்ஷ (ஐப்பசி மழை) காலத்து மாலையொன்றில், இடி முழங்கிப் பெய்து ஓய்ந்தவுடன், குடையோடு சென்று சுற்றி வருவதற்கு ஈடான ஆராய்ச்சி வேறில்லை. கரமனைக்கு அருகே ஒரு சந்தில், வயதான மாமி ஒருவர் மதிலில் பழுப்பாகப் படிந்திருந்த கோடொன்றை விரலால் தொட்டுக் காட்டி, “பாருங்கோ, இதுவரைக்கும் தண்ணி ஏறித்து, மேலண்டைப் பக்கம் மண்ணு கொட்டி உசத்தினதுக்கு அப்புறந்தான் இப்படி” என்றார். அக்கோடு என் முழங்காலுக்கு மேல் இருந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

கணக்கும் எளியதே. ஐம்பது சென்ட் மனையின் விஸ்தீரணம் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். அதன்மீது பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர் நீர். தோட்டமாயிருந்தபோது அதில் பெரும்பங்கை மண் உறிஞ்சியது. அடித்தளமும் சிமெண்டுத் தளமும் மூடிய பின் அது எங்கே போகும்? மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவையும், மிகுநீர் சேரும் ஓடையின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். ஓடைகளை அடைத்ததன் விலையை இந்நகரம் அறியும்: தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மழைதோறும் மூழ்கியதால், 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களின் மேலிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்ற நேர்ந்தது.

3. நிழலை அளந்து பாருங்கள்

நம் நகரம் எட்டரை பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது 45 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 28 மீட்டர் நீளும். ஜூன் பிற்பகுதியில் அதே நிழல் தெற்கே 12 மீட்டரளவே விழும். ஆகவே உயர்ந்த பகுதியை மனையின் தென்கோடிக்கு நகர்த்தக் கோருவது, வடபுறத்து அயலாரின் முற்றத்துக்கு வெயிலைத் திருப்பித் தரும் கோரிக்கையாகும். விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருப்பதால், உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் இசைவுக் கடிதம் தேவையா, உண்டா என்றும் பாருங்கள்.

4. பாதையின் குறுகிய இடத்தை அளவிடுங்கள்

வாசலின் முன் பாதை அகலமாயிருப்பது போதாது. பெரிய சாலையிலிருந்து அவ்வாசல் வரை எங்கே மிகக் குறுகுகிறதோ, அங்கே நாடாவைப் பிடியுங்கள். தீயணைப்பு வண்டி திரும்ப இயலாத முடுக்கு ஒன்றிருந்தால், மேல்மாடிகளின் பாதுகாப்பும் அம்முடுக்கிலேயே முடிகிறது.

5. தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள்

எண்பது வீடுகள், வீட்டுக்கு ஐவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவின்படி, 54,000 லிட்டர் வேண்டும். அருவிக்கரை நீர் அத்தெருக் குழாயில் அவ்வளவு வருமா, அன்றி டேங்கர் லாரிகள் விடியலில் வரிசை கட்டுமா? கழிவுநீர் முட்டத்தறைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் குழாயில் சேருமா, அன்றி வளாகத்திலேயே சுத்திகரிக்கப்படுமா? இரண்டுமில்லையெனில் அடுத்த ஓடையே அதன் கதி.

6. தெருவின் முகத்தைக் கவனியுங்கள்

தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தமாகி, உயர்ந்த குருட்டு மதில் தெருவை நோக்கி நின்றால், மாலையில் அவ்வழியே தனியே நடக்கப் பெண்கள் அஞ்சுவர். மதிலைத் தாழ்த்தவும், பழைய மரங்களைக் காக்கவும் கோருங்கள். இது இயலாததன்று; உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டிய லாரி பேக்கர், நிலத்தின் சரிவையும் மரங்களையும் அனுசரித்தே செங்கல் சுவர்களை வளைத்தெழுப்பினார்.

7. எழுத்தில் கொடுங்கள்

ஒரே தாளில் மூன்று பத்திகள் போதும்: வரைபட எண், குறை, வேண்டும் மாற்றம். சட்டமீறலையும் யோசனையையும் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டும் வலுவிழக்கும். தேதியிட்ட ரசீது பெறுங்கள். வீடு வாங்க நினைப்போரிடமும் இதைச் சொல்லுங்கள். கொச்சி மரடில், ஊராட்சியின் அனுமதி பெற்றுக் கட்டிய நான்கு குடியிருப்புகள், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்ததால், 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் அத்தனை குடும்பங்கள் வீடிழந்திரா.

கட்டடம் முடிந்த பின் வரும் முதல் துலாவர்ஷத்தில், நீங்கள் முன்பு மழையில் சுற்றி வந்த அதே இடத்துக்கு மீண்டும் செல்லுங்கள். மதிலில் பழைய கோட்டுக்கு மேலே புதிய கோடொன்று படியாதிருந்தால், உங்கள் பரிசீலனை பயன் தந்தது.