நல்ல மீன் கடை எது?

சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் பல உண்டு. தங்க மீன், கப்பி, சண்டை மீன் என எல்லாம் கண்ணைக் கவரும். ஆனால், ஆசையோடு வாங்கி வந்த மீன் சில நாட்களிலேயே செத்து மிதப்பதும் உண்டு. ஏன்? கடையில் மீனைப் பார்க்குமுன் நீரைப் பற்றி அறிந்துகொள்வோம்.

நீரில் நடப்பது என்ன?

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது செவுள்களைக் கெடுக்கும் நஞ்சு. வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் வாழும் ஒரு வகை பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு வகை பாக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அம்மோனியாவுக்கு நிறமில்லை, எனவே தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. மீன்கள் துடுப்புகளை விரித்துச் சுறுசுறுப்பாக நீந்துகின்றனவா? பல மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால், ஆக்சிஜன் குறைவோ செவுள் பாதிப்போ இருக்கலாம். சண்டை மீன் இதற்கு விலக்கு; அது இயல்பாகவே மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும்.

2. உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் உள்ளனவா? இந்நோயை உண்டாக்கும் ஒற்றைச் செல் உயிரி, முதிர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கில் பெருகி வேறு மீன்களைத் தேடும். ஆகவே, அத்தொட்டியில் நலமாகத் தோன்றும் மீனையும் வாங்கக் கூடாது.

3. ஒரே வலையை எல்லாத் தொட்டிகளிலும் விடுகிறார்களா? நோய் பரவ அதுவே போதும்.

4. கடைக்காரர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? "தொட்டி எவ்வளவு பெரியது? நீர் நிரப்பி எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டு, "இன்று வேண்டாம், சில வாரம் கழித்து வாருங்கள்" என்பவரே நல்ல கடைக்காரர். "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று விற்கப்படும் சக்கர் மீன் 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் என்பதையும் அவர் மறைக்கமாட்டார். வளர்க்க முடியாமல் இம்மீனை ஏரி, குளங்களில் விடக் கூடாது. நம் நாட்டு மீன்களுக்கு அது கேடு.

சிந்தித்து விடை கூறுங்கள்

வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய சில நாட்களில் மீன்கள் தளர்ந்து போகின்றன. காரணம் என்ன?