மின்கணக்கும் இல்வாழ்வும்

ஓர் இல்லம் எத்துணை மின்சாரம் செலவிடுகின்றது என்பதை மீட்டர் காட்டும். எதனை இழந்து மிச்சப்படுத்துகின்றது என்பதை அது காட்டாது. ஆதலின், இரு வீடுகளின் மின்செலவை ஒப்பிடுவோர் எண்களோடு வாழ்க்கை முறையினையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். இதனை நாடுகாணியை முன்னிட்டு நோக்குவோம். கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையை அடுத்துள்ள அவ்வூர்ப் பகுதியில் தோட்டத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் வணிகரும் அருகருகே வாழ்கின்றனர்.

முதற்கண் அளவையை அறிதல் நன்று. 1,000 வாட் ஆற்றலுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது வழக்கமாதலின், நாமும் 60 நாட்களுக்குக் கணக்கிடுவோம். கீழ்வரும் வீடுகள் கணக்கின் பொருட்டு நாம் வகுத்துக்கொண்டவை.

முதலாவது ஒரு லயன் வீடு. 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, நாள்தோறும் 5 மணி நேரம் எரிகின்றன. 60 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரமும், 500 வாட் மிக்ஸி கால் மணி நேரமும் இயங்குகின்றன. செலவு ஏறக்குறைய 33 யூனிட். அந்நான்கு விளக்குகளும் பழைய 60 வாட் குண்டு பல்புகளாயின், விளக்கொளிக்கு மட்டும் 11 யூனிட்டுக்கு மாறாக 72 யூனிட் ஆகும். மொத்தம் 94 ஆக உயரும். வெளிச்சம் குறையாமலே செலவு குறைந்தமையின், இதுவே மெய்யான சிக்கனம்.

இரண்டாவது, வசதியுள்ள ஐவர் வாழும் வீடு. மேற்கூறியவற்றோடு, குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 0.8 யூனிட் வீதம் 48 யூனிட் சேர்கின்றது. குளிப்பதற்கு ஒருவருக்கு 20 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகை வரை சூடாக்க ஏறத்தாழ 0.58 யூனிட் வேண்டும். ஐவருக்கும் 60 நாட்களில் 175 யூனிட். ஆக மொத்தம் 256. இதில் மூன்றில் இரு பங்கு வெந்நீருக்கே ஆகின்றது!

இவ்விரண்டாம் வீட்டாரை ஊதாரிகள் என்று கூறலாமோ? சென்னையில் 75 வாட் மின்விசிறிகள் மூன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 60 நாட்களில் 162 யூனிட் ஆகும். சமவெளியார் காற்றுக்குச் செலவிடுவதை மலைநாட்டார் வெந்நீருக்குச் செலவிடுகின்றனர். தட்பவெப்பமே இதற்குக் காரணம். எனினும், விடுமுறை மாளிகையொன்றில் 2,000 வாட் அறைச்சூடாக்கி ஓரிரவில் 6 மணி நேரம் எரிந்தால் 12 யூனிட் செலவாகும். லயன் வீட்டுக்கு அது மூன்று வாரங்களுக்குப் போதும்.

லயன் வீட்டாரும் குளிரில் வெந்நீரில்தான் குளிக்கின்றனர். அந்நீரைக் காய்ச்சுவது விறகு. யானை நடமாடும் காட்டோரங்களில் விறகு பொறுக்கிச் சுமக்கும் பெண்ணின் உழைப்பும், அடுப்புப் புகையால் அவள் அடையும் துன்பமும் எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை. ஆகவே 33 என்னும் எண் முழுவதும் சிக்கனமன்று. அதில் ஒரு பகுதி வறுமை.

இதனினும் சிறிய எண் ஒன்றுண்டு, அது பூஜ்யம். 1969 ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவுக்குட்பட்ட நிலங்களில் குடியேறிய பல குடும்பங்கள், நில உரிமைச் சிக்கல் தீராமையால் பல்லாண்டுகள் மின்னிணைப்பின்றி வாழ்ந்தன. 1932 ஆம் ஆண்டு முதல் பைக்காரா நீர் மின்சாரமாகிக் கோயம்புத்தூர் ஆலைகளை இயக்கிய மாவட்டத்திலேயே இந்நிலை! செலவின்மையை எளிமையென்று புகழ்வது எத்துணைப் பேதைமை!

2016 ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக்கியது. லயன் வீட்டுச் செலவு அவ்வரம்புக்குள் அடங்கும். வெந்நீருக்கு மின்சாரத்தை நாடினால் அக்கணமே வரம்பு கடந்துவிடும். விறகை விட்டு விலக விரும்புவோர்க்கு இது பெருந்தடையன்றோ?

மாணவ நண்பர்கள் விடுமுறையில் தத்தம் வீட்டு மின்கணக்கை ஆராய்தல் நலம். யூனிட்டுகளைக் குறிக்கும்போது, அருகில் விறகு, எரிவாயு, மனித உழைப்பு ஆகியவற்றையும் குறிப்பீராக. அப்பொழுதே எங்கே குறைக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்பது விளங்கும்.