பெனிசிலினை வெல்லும் நொதி

பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட உதவும் நொதியைப் பெனிசிலின் பற்றி முடக்கிவிடுகிறது. சுவர் வலுவிழந்து பாக்டீரியா வெடித்து மடிகிறது. இவ்வாற்றலுக்கு அடிப்படை, பெனிசிலினிலுள்ள நான்கு அணுக்களாலான பீட்டா-லாக்டம் வளையமே.

ஆனால், சில பாக்டீரியாக்கள் பெனிசிலினேஸ் என்னும் நொதியை உண்டாக்குகின்றன. அது நீரின் துணையால் அவ்வளையத்தை உடைத்துவிட்டு, தான் சிதையாமல் அடுத்த மூலக்கூறை நாடுகிறது. ஆபிரகாமும் செயினும் இதனை 1940-லேயே கண்டறிந்து வெளியிட்டனர். அப்போது பெனிசிலின் கடைக்கே வரவில்லை!

கிளாவுலானிக் அமிலம் இந்நொதியை முடக்குவதால் அமாக்சிசிலினுடன் சேர்த்துத் தரப்படுகிறது. ஆயினும், இவ்வகை நொதிகள் எல்லாம் அதற்கு அடங்குவதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். காய்ச்சலென்றால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் எங்கள் ஊருக்கு நான் சொல்லவேண்டியது இதுதான்: தேவையின்றி உண்ணும் மருந்து எளிய கிருமிகளைக் கொன்று, நொதியுடைய கிருமிகள் பெருக வழிவிடும். மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்கள்!