வயலுக்கு வரும் கரிச்சான்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் உழவு வயலிலும் மேயும் மாட்டின் முதுகிலும் காணப்படும் இரட்டைவால் கருங்குருவியே கரிச்சான். வலியன் என்றும் சொல்வர். திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் இதுதான் என்பாரும் உண்டு. விடியுமுன் குரல் கொடுக்கும் பறவையல்லவா!

இது நெல்மணியைத் தொடாது. வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, புழு ஆகியவையே இதன் இரை. உயரத்தில் அமர்ந்து பார்த்திருந்து, பூச்சி அசைந்ததும் பாய்ந்து பிடிக்கும். மரமில்லாத வெட்டவெளி வயலில் அமர இடமேது? ஆகவே நடவு முடிந்தபின் ஏக்கருக்கு 20 சவுக்குக் கழிகளை ஊன்றி, நுனியில் குறுக்குக் குச்சி கட்டிவிட வேண்டும். கழி பயிருக்கு மேலே தெரிய வேண்டும். இரவில் ஆந்தையும் இதில் அமர்ந்து எலி பிடிக்கும். ஒரு தெளிப்புச் செலவு மிச்சமானாலும் லாபமே.

கதிர் பால் பிடிக்கும் சமயம் கழிகளைப் பிடுங்கிவிடுவது அவசியம். இல்லையேல் நெல் தின்னும் குருவிகள் வந்து அமரும். அறுவடைக்குப் பின் உளுந்தில் அதே கழிகளை மறுபடி ஊன்றலாம், காய்ப்புழுவைப் பொறுக்கும்.

தூரில் இருக்கும் புகையானும், தண்டுக்குள் இருக்கும் குருத்துப்புழுவும் கரிச்சானுக்கு எட்டாது. அவற்றை நாம்தான் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். தேனீப்பெட்டி அருகே கழி ஊன்ற வேண்டாம். தேனீயையும் இது விடாது.

சித்திரை முதல் ஆடி வரை கூடு கட்டும் காலம். அப்போது வரப்போர மரங்களில் கிளை கழிக்காமல் விடவும்.