மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசமா?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்கிறார் ஜெபக்கூட்டத்தில் ஒருவர். வீட்டுக்காரரும் தடுமாறுகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், பழவேற்காடு

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அம்மா. 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தைக் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபிக்கிறார், ஜெபம் கேட்கப்படுகிறது. அதன் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் புண்ணின்மேல் பற்றுப் போடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யை 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடரும் விசுவாசிதான்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில், முழுச் சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆனால் அது இரண்டு, மூன்று ஆண்டு நீளும். பிள்ளை முகம் தெளிந்து விளையாட ஓடும்போது 'போதும்' என்று தோன்றும்; அப்போது விட்டால் நோய் திரும்பும். கீமோ நாட்களில் காய்ச்சல் கண்டால் பொன்னேரியில் காலை ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

"உன் விசுவாசம் போதவில்லை" என்று உங்கள்மேல் பழி போட எவருக்கும் உரிமை இல்லை. அதைக் கேட்கவே எனக்குக் கோபம் வருகிறது. ஜெபக்கூட்டத்தாரிடம் ஜெபத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்குத் துணை வர ஓர் ஆள், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு.