போதும் என்னும் மனம்

டில்லி மாநகரின் கிழக்கே, யமுனையாற்றின் அக்கரையில், மயூர் விஹார் என்னும் குடியிருப்பு உள்ளது. தமிழரும் மலையாளிகளும் பலராக வாழும் இடம் அது. அதற்கு அண்மையில், காஜிப்பூரில், ஒரு மலை நிற்கிறது. இயற்கை படைத்த மலையன்று அது. 1984 முதல் நகர மக்கள் எறிந்த குப்பை குவிந்து எழுந்த மலை. 20 மீட்டரே அதற்கு விதித்த உயரம். 2002-இலேயே அவ்வெல்லை கடந்தது. 2019-இல் ஏறத்தாழ 65 மீட்டர் ஆயிற்று. 2017 செப்டம்பர் 1 அன்று அதன் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்றோரை அருகிலுள்ள கால்வாயில் தள்ளியது. இருவர் உயிரிழந்தனர். ஒருவர் தேவையின்றி நுகர்ந்ததன் பயன் மற்றொருவர் தலைமீது விழுகிறது. ஆகவே, இது துப்புரவுத் துறைக்கு மட்டும் உரிய செய்தியன்று. சீலம் பேணுவோர் ஆராய வேண்டிய பொருளுமாம்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சில 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டன. இவற்றை அறியாதார் சிலரே. அறிந்தும் செய்யாமைக்குக் காரணம் யாது? இதுவே இப்பாடத்தின் வினா.

முதற் காரணம், அச்சம் மட்டும் ஒருவனை நெடுநாள் நடத்தாது என்பது. அழிவைக் காட்டி அச்சுறுத்தினால் மனம் சிறிது நடுங்கும். பின்னர், ‘என் ஒருவனால் ஆவதென்ன?’ என்று முகத்தைத் திருப்பிக் கொள்ளும்.

இரண்டாவது, நாம் அயலாரைப் பார்த்தே நடக்கிறோம். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் சில வீட்டாருக்கு, அவர்கள் செலவிடும் மின்சாரத்தின் அளவையும் அயலாரின் சராசரி அளவையும் அறிவித்தனர். இவ்வாராய்ச்சி 2007-இல் வெளியாயிற்று. மிகுதியாகச் செலவிட்டோர் குறைத்தனர். ஆனால், குறைவாகச் செலவிட்டோர் கூட்டிவிட்டனர்! அவர்களுடைய சிக்கனத்தைப் பாராட்டும் சிறு சிரித்த முகத்தையும் தாளில் வரைந்து கொடுத்தபோது, அவர்கள் கூட்டவில்லை. நற்செயலைக் கண்டவிடத்துப் பாராட்டுதல் அதனைக் காப்பதாகும் என இதனால் அறிகிறோம்.

மூன்றாவதே வேர்க் காரணம். பன்னிரு நிதானங்களுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்பன ஒன்றன்பின் ஒன்றாய் வருவதை நாம் பயின்றுள்ளோம். கடையில் ஒரு பொருளைக் காண்கிறோம், அது இன்பமாய்த் தோன்றுகிறது, ‘வேண்டும்’ என்கிறது மனம், வீட்டிற்கு வருகிறது, சில நாளில் குப்பையாகிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே உள்ள நொடியில் விழிப்புடன் இருந்தால் சங்கிலி அறுபடும்.

இக்கருத்திற்கு இக்கால உளநூலும் சான்று தருகிறது. பிரவுன், காசர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தாமே விரும்பி எளிய வாழ்வை மேற்கொண்ட 200 பேரையும், பொது வழக்கப்படி வாழும் 200 பேரையும் ஒப்பிட்டு, 2005-இல் முடிவை வெளியிட்டனர். எளியோர் மகிழ்ச்சி இழந்தாரல்லர். பொருளையும் புகழையும் நாடாது அன்பையும் அகவளர்ச்சியையும் மதிப்போரிடத்தும், விழிப்புணர்வு உடையோரிடத்தும், மனநிறைவும் சுற்றுப்புறத்தைக் காக்கும் ஒழுக்கமும் ஒருங்கே காணப்பட்டன. துறத்தல் துன்பம் என்னும் எண்ணமே பிழை.

மயூர் விஹாரைக் கடந்து செல்லும் யமுனை, பிரயாகைக்கு அருகே பழைய கௌசாம்பி நகரைத் தொடுகிறது. பெருங்கதை வாயிலாகத் தமிழர் அறிந்த உதயணன் ஆண்ட நகர் அது. அவன் அரண்மனை மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர் என்று விநயபிடகம் கூறுகிறது. இத்தனை ஆடைகள் துறவிக்கு எதற்கென மன்னன் சினந்து வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய ஆடை மேல்விரிப்பாகும். அது நைந்தால் மெத்தை உறையாகும். பின் தரைவிரிப்பு, அதன்பின் கால் துடைக்கும் துணி, அதன்பின் தூசி தட்டும் துணி. இறுதியில் துண்டுகளாக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என அவர் விளக்கினார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் ஈந்தான். ஆனந்தர் அச்சத்தால் இவ்வாறு செய்தாரல்லர். பிறர் உழைப்பை மதித்ததாலும், போதும் என்னும் மனத்தாலும் செய்தார்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். வறியவரிடம் எளிமையை உபதேசித்தல் முறையன்று. குப்பை பொறுக்கி வாழ்வோருக்கு வேண்டுவது உணவும் மதிப்பும். ‘நானே எளியன்’ என்னும் செருக்கும் மற்றொரு பற்றே.

இவ்வாரம் நாம் ஒன்று பயில்வோம். புதிய பொருளை வாங்குமுன் மும்முறை மூச்சைக் கவனித்து, ‘இஃது எனக்குத் தேவையா, என் வேட்கைக்குத் தேவையா?’ என வினவுவோம். வீட்டில் பழைய துணி ஒன்றை எடுத்து, ஆனந்தர் வழியில் அதற்கு அடுத்த பயனைக் காண்போம். குப்பையைப் பிரித்து வைக்கும் அயலாரைக் கண்டால் மனமுவந்து பாராட்டுவோம். மலை ஒரு நாளில் எழுந்ததன்று. அதற்கு நாம் சேர்க்கும் பங்கை இன்றே குறைத்தல் நம்மால் இயலும்.